ஒரு நிமிடப் பூட்டு

அக்டோபர் 7, திங்கள்

இன்று அறுபத்து மூன்று தடவை.

இந்த டைரியை ஜனவரியில் ஒரு மருந்து கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். இதுவரை இதில் ஒரு புள்ளிக் கோலமும், கேஸ் புக் பண்ணுகிற நம்பரும்தான் இருக்கின்றன. நாற்பத்தொன்பது வயதில் டைரி எழுத உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உட்கார வைத்துவிட்டான் ஜெரால்டு.

மேலிடத்தில் கொடுப்பதற்காக எழுதுவதால் முறையாகவே சொல்லிவிடுகிறேன். என் பெயர் தமயந்தி. திருச்சியில் இந்த ஆஸ்பத்திரி லேபில் சீனியர் டெக்னீஷியன், இருபத்து நாலு வருஷ சர்வீஸ். ஜெரால்டு இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். மீசை வைத்த, முப்பத்தைந்து வயது ஆள். போன வாரம் என் கம்ப்யூட்டரில் ஏதோ செய்து வைத்தான். அதிலிருந்து ஒரு நிமிடம் கை வைக்காமல் இருந்தால் போதும், திரை கருத்துப்போய் பாஸ்வேர்ட் கேட்கிறது. முன்பு இந்தத் தொல்லையே கிடையாது. காலையில் திறந்தால் சாயங்காலம் வரை திறந்தே கிடக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்லைடு பார்க்கக் குறைந்தது இரண்டு நிமிடம் ஆகும். தலையை நிமிர்த்தினால் திரை பூட்டியிருக்கிறது. கையில் க்ளவுஸ். ரத்தம் தொட்ட க்ளவுஸோடு கீபோர்டைத் தொடக்கூடாது. கழற்று, பன்னிரண்டு எழுத்து அடி, வேறு க்ளவுஸ் மாட்டு, அடுத்த ஸ்லைடு பார். மறுபடி பூட்டு.

காலையில் போனில் கத்தினேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "மேடம், சும்மா அடிக்கடி பூட்டுதுன்னா நான் மேல என்னன்னு சொல்றது? தேதி போட்டு, எத்தனை தடவைன்னு எழுதிக் குடுங்க. பேசலாம்."

எழுதித் தருகிறேன் தம்பி. நீ படித்து மாய்ந்து போகிற அளவுக்கு எழுதித் தருகிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுபத்தொன்று.

பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேண்டுமாம், எண் வேண்டுமாம், பூச்சி மாதிரி ஒரு குறியும் வேண்டுமாம். பிள்ளைகள் பெயர் கூடாதாம். சரி என்று இங்கிலீஷ் எழுத்தில் 'நாசமாப்போ' என்று அடித்து, பின்னால் ஒரு குறியும் எண்ணும் போட்டுக்கொண்டேன். யாரை என்று எழுத வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எழுபத்தொரு தடவை அடிப்பதில் கொஞ்சம் மனசு ஆறத்தான் செய்கிறது. (இந்தப் பத்தியை மேலே கொடுக்கும் முன் அடித்துவிட வேண்டும்.)

வார்டுகளிலிருந்து ரத்தக் குழாய்களைக் கொண்டுவரும் சகுந்தலா ஜன்னலில் நின்று, தினமும் கேட்கிற மாதிரி, "சாப்ட்டீங்களா மேடம்?" என்றாள். "எங்கம்மா சாப்புடறது, இந்தப் பேயைத் திறந்து திறந்து மூடறதுக்கே நேரம் சரியா இருக்கு" என்றேன். அவள் ஜன்னல் வழியே திரையை எட்டிப் பார்த்து, "படம் வந்தா நல்லா இருக்கும், வெறும் எழுத்தால்ல வருது" என்றாள். என் திரை ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. திருப்பி வைக்கலாமென்றால் ஒயர் அரை அடி எட்டவில்லை. ஆதி நாளிலிருந்தே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து வாழைக்காய் வறுத்தேன். தீபாவளிப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாயா என்று வீட்டுக்காரர் கேட்டார். கொடுக்கவில்லை. மனசில்லை.

அக்டோபர் 9, புதன்

ஐம்பத்தெட்டு. க்ளவுஸ் ஒரு பெட்டி காலி. ஸ்டோரில் இன்னொன்று கேட்டால், திருடி விற்கிறவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

அறுபத்தாறு. ஆனால் இன்றைய கோபம் வேறு.

பத்தரைக்கு கேன்டீனுக்குப் போனேன். எனக்கு முன்னால் வனஜா நின்றாள். மூன்றாம் மாடி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், இருபத்தாறு வயது. மாஸ்டர் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் டீ ஊற்றிக்கொண்டே வந்தார். வனஜாவின் முறை வந்ததும் குனிந்து எங்கிருந்தோ ஒரு பேப்பர் கப்பை எடுத்தார். அவள் அதைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், டீயை வாங்காமலே போய்விட்டாள்.

நான் விடவில்லை. "ஏன் மாஸ்டர், கிளாஸு தீந்துபோச்சா?" என்றேன்.

"இல்லீங்க மேடம், அந்தப் பொண்ணுக்கு ஏதோ வியாதின்றாங்க. நாலு பேரு குடிக்கிற கிளாஸு."

"கிளாஸுல ஒட்டற வியாதி இல்ல அது. டீயில பரவாது, கூட உக்காந்து சாப்புட்டாலும் பரவாது. தெரியாட்டி என்னக் கேளுங்க. இருவத்து நாலு வருஷமா ரத்தத்தைத்தான் பாத்துட்டிருக்கேன்." கேன்டீனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் ஸ்டாஃப் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. செப்டம்பர் 19-ஆம் தேதி வனஜாவுக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்ல வேண்டிய விஷயம். டாக்டர் சொல்வதற்கு முன்பே, அன்று மூன்று மணி டீக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. தனக்கு இப்படி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததே இதே கேன்டீனில், இதே பேப்பர் கப்பால்தான். தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மணப்பாறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லிப் போன் பண்ணினார்களாம். அத்தோடு பேச்சு நின்றுபோனது.

யார் பார்த்தது, யார் சொன்னது என்று ஏ.ஓ. ரங்கராஜன் சார் விசாரிக்கிறார். நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான். சகுந்தலா அன்று மத்தியானம் லேப் ஜன்னலில் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். என்னையும் கேட்டார். சாப்பிடப் போயிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அதற்கு மேல் இதைப் பற்றி எழுத இது இடமில்லை. இது திரை பூட்டுகிற கணக்கு.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

அரை நாள்தான். இருபது.

சகுந்தலா காலையிலேயே வந்து மைக்ரோஸ்கோப்பிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஜெரால்டு பொரி வாங்கிக்கொண்டு நிற்கையில், "மேடம், மானிட்டருக்கும் ஒண்ணு வைங்க" என்றான். அவன் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனாலும் வருஷம் தவறாமல் பொரிக்கு வந்துவிடுவான்.

"இதுக்குப் பொட்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்றேன். கடைசியில் சகுந்தலாவே வைத்தாள். வைத்து முடிப்பதற்குள் பூட்டிக்கொண்டது.

வனஜாவும் வந்தாள். அவள் உள்ளே வந்ததும் ரெண்டு பேர் போன் வந்த மாதிரி வெளியே போனார்கள். நான் ஒரு கை பொரியும் சுண்டலும் அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன். "எல்லாரும் பேப்பர்ல வெச்சு நீட்டறாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் கையில குடுத்தீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சுண்டல் இறங்கவில்லை. காரம் அதிகம் போட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 14, திங்கள்

தடவை எண்ணவில்லை. இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன். மேலிடம் இதைப் படிக்கட்டும்.

பதினொன்றே காலுக்கு எமர்ஜென்சியிலிருந்து ஒரு பெரியவரின் ரத்தம் வந்தது. டயாலிசிஸ் நோயாளி, நெஞ்சு படபடக்கிறது என்று கொண்டுவந்திருக்கிறார்கள். பொட்டாசியம் பார்த்தேன். ஏழு புள்ளி ஒன்று. இந்த அளவுக்கு ஏறினால் எந்த நிமிடத்திலும் இதயம் நிற்கலாம். ரிசல்ட்டை ஏற்றலாம் என்று திரும்பினால் திரை பூட்டியிருக்கிறது. க்ளவுஸைப் பிய்த்தெறிந்து பாஸ்வேர்ட் அடித்தேன். பதற்றத்தில் தப்பு. மறுபடி அடித்தேன், தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு. பதினைந்து நிமிடம் கழித்து முயற்சி செய்யவும் என்று வந்தது. போன் பண்ணினால் எமர்ஜென்சி லைன் பிஸி.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஓடினேன். முழங்கால் வலிக்காரி நான், காரிடாரில் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். டூட்டி டாக்டர் சீட்டைப் பார்த்தார், ஊசி எடு என்று கத்தினார். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து நேரே ஜெரால்டு அறைக்குப் போனேன். "அந்த ஆளு செத்திருந்தா உன் பாஸ்வேர்டத்தான் பொணத்துமேல போட்டிருக்கணும்" என்றேன். அவன் எழுந்து நின்றான். "தப்புதான் மேடம். மூணு தடவ தப்பா அடிச்சா பூட்டற செட்டிங்க இன்னிக்கே எடுத்துடறேன். ஆனா அந்த ஒரு நிமிஷம் இருக்கட்டும்."

"ஏன் இருக்கட்டும்?"

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

ராத்திரி சாப்பாட்டில் புலம்பியதைக் கேட்டு அவர் ஒரு வழி சொன்னார். அவர் சிநேகிதர் ஒருவர் ஆபீசில் செய்கிறாராம். முள் ஓடுகிற கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்து, அதன் கண்ணாடி மேல் மௌஸை வைத்துவிட வேண்டும். மௌஸின் அடியில் வெளிச்சம் இருக்கிறதல்லவா, வினாடி முள் நகர்வதை அது கை நகர்வதாக எடுத்துக்கொள்ளுமாம். திரையில் அம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும். யாரோ உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

"இதையெல்லாம் முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"நீ எங்க பேச விட்ட?" என்றார்.

என்னிடம் இருக்கிறது ஒரு கடிகாரம். இருபது வருஷ சர்வீசுக்காக ஆஸ்பத்திரி கொடுத்தது, வட்ட முகத்தில் ஆஸ்பத்திரி பெயரோடு.

அக்டோபர் 16, புதன்

பூஜ்ஜியம்.

நாற்பது ஸ்லைடு பார்த்தேன், நிமிர்ந்தபோதெல்லாம் திரை விழித்திருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

பூஜ்ஜியம். ஜெரால்டு காரிடாரில் பார்த்து, "இப்ப எப்படி மேடம்?" என்றான். அறுபது தடவை என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

பூஜ்ஜியம்.

சகுந்தலா இன்று வரவில்லை. ரத்தக் குழாய்களை வேறு ஒருத்தி கொண்டுவந்தாள். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கு முன்னால் அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு ரங்கராஜன் சார் மேல் கோபம் கோபமாக வருகிறது. இளைத்தவள் யார் என்று பார்த்துப் பிடித்திருக்கிறார். டாக்டர்கள் அந்த ஜன்னலில் நிற்பதில்லையா, மருந்துக்கடைப் பிள்ளைகள் நிற்பதில்லையா, நர்சுகள் நிற்பதில்லையா? சகுந்தலாதான் கிடைத்தாளா?

ராத்திரி சமைக்கவில்லை. வீட்டுக்காரர் இட்லி வாங்கி வந்தார்.

அக்டோபர் 22, செவ்வாய்

பில்லிங்கில் ஒரு பேரைத் திருத்தப் போனேன். அங்கே இருக்கிற பெண் டிபன் சாப்பிடப் போயிருந்தாள். காத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, அவள் திரை பூட்டவில்லை. வந்ததும் கேட்டேன். "பதினஞ்சு நிமிஷம் ஆகும் மேடம். எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றாள். பார்மசியில் போய்ப் பார்த்தேன். பதினைந்து நிமிடம். எக்ஸ்ரேயில் பதினைந்து நிமிடம்.

ஆக, இந்த ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம் எனக்கு மட்டும்தான்.

அவன் அறைக் கதவை நான் தட்டவில்லை, தள்ளினேன். "ஏன்டா, நான் என்ன உனக்கு? எல்லாருக்கும் பதினஞ்சு, எனக்கு ஒண்ணா? யாரு சொல்லி வெச்ச?"

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான் வெச்சேன். உக்காருங்க."

"உக்கார வரல."

அவன் கதவைச் சாத்தினான். மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். லேப் சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது திறந்தார்கள் என்று பதிவாகுமாம். எனக்கு அது தெரியாது.

தாளில் என்ன இருந்தது என்று எழுத விருப்பமில்லை.

"நான் யார்கிட்டயும் காட்டல" என்றான். "காட்டினா எனக்கும்தான் கேடு. பூட்டவே கூடாதுன்னு நீங்க கேட்டீங்க, சரின்னு அப்படியே செட் பண்ணிக் குடுத்தது நான்தானே. உங்களுக்கா அலுத்துப்போயி, எந்திரிக்கும்போதெல்லாம் பூட்டற பழக்கம் வரும்னு பாத்தேன். தேதி போட்டு எழுதினா நீங்களே உக்காந்து யோசிப்பீங்கன்னுதான் எழுதச் சொன்னேன்."

"சகுந்தலா போறாளே, அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம். உங்களுக்கும் தெரியும்."

அக்டோபர் 23, புதன்

பூஜ்ஜியம். கடிகாரத்தை எடுக்கவில்லை. எடுத்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அக்டோபர் 24, வியாழன்

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சகுந்தலா நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

"மேடம், நீங்க ஒரு வார்த்த சொன்னா ஏ.ஓ. அய்யா கேப்பாரு. நான் ஜன்னல்ல நின்னேன், இல்லன்னு சொல்லல. ட்யூப வெச்சிட்டு நீங்க வருவீங்கன்னு நின்னேன். ரொம்ப நேரம் ஆளக் காணோம்னு போயிட்டேன். எனக்கு என்ன மேடம் தெரியும்? தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதுல பூரா இங்கிலீசால்ல இருந்துச்சு."

"பாக்கறேன் சகுந்தலா" என்றேன்.

"மூணாங்கிளாசோட நின்னவ நான். அந்தப் புள்ள பேரு அதுல இருந்துச்சுன்றதே இவங்க சொல்லித்தான் தெரியும்."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. அவள் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். ஏன் என்னைத் தேடி வருகிறாள்? ஏன் என்னை நல்லவள் என்று நினைக்கிறாள்?

அக்டோபர் 25, வெள்ளி

பன்னிரண்டு மணிக்குக் காய்ந்த ஸ்லைடுகளை எடுக்க உள் அறைக்குப் போனேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் ஜன்னலுக்கு வெளியே வனஜா நிற்கிறாள். கையில் ஒரு ரத்தக் குழாய். கண் என் திரையில்.

திரையில் வேறொரு பெண்ணின் ரிசல்ட் திறந்து கிடந்தது. துறையூர்க்காரி, முப்பது வயது. வனஜாவுக்குச் செய்த அதே டெஸ்ட். பாசிட்டிவ் என்று சிவப்பில் இருந்தது. அந்தப் பெண் மாமியாரோடு ஐந்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

வனஜா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். திரையில் அம்பு தானாக நடுங்குவதைப் பார்த்தாள். மௌஸைத் தூக்கினாள். அடியில் என் கடிகாரம்.

"இது எதுக்குக்கா?"

"பூட்டிக்குது வனஜா. ஸ்லைடு பாக்க முடியல..."

அவள் கடிகாரத்தைக் கையில் எடுத்து முகப்பைப் பார்த்தாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எம்பேரு இருந்தப்பவும் இப்படித்தான் கடிகாரம் வெச்சிருந்தீங்களா?"

சாப்பிடப் போயிருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது.

"இல்ல" என்றேன். "அப்ப கடிகாரம் தேவப்படல. அதுபாட்டுக்குத் திறந்து கெடந்துச்சு."

அவள் கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். அன்று நான் அவளுக்குப் பொரி வைத்த மாதிரியே, கையில் கை பட வைத்தாள். குழாயை ஸ்டாண்டில் சொருகிவிட்டுப் போய்விட்டாள். அதற்குள் திரை பூட்டிக்கொண்டது.

இப்போது எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 19 அன்று நான் சாப்பிடப் போகவில்லை. ஸ்டோர் ரூமில் புடவைக்காரர் தீபாவளிப் புடவைகளைப் பிரித்துப் போட்டிருந்தார். பத்து நிமிடம் என்று போனேன். மாம்பழக் கலரா, கத்தரிப்பூக் கலரா என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஜெரால்டின் தாளில் இருந்தது இதுதான்: பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வனஜாவின் ரிசல்ட் திறக்கப்பட்டது, பன்னிரண்டு இருபத்தேழு வரை யாரும் எதையும் தொடவில்லை. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை.

மாம்பழக் கலர்தான் எடுத்தேன்.

அக்டோபர் 26, சனி

ஒன்பது மணிக்கு ரங்கராஜன் சார் அறைக்குப் போனேன். ஜெரால்டையும் அந்தத் தாளோடு வரச் சொல்லியிருந்தேன். முகம் வெளுத்துப்போய் வந்தான். ஆனாலும் வந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். புடவையைக்கூட. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தமயந்தி மேடம், அந்த அட்டெண்டர் விஷயம் கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. பேப்பரும் போட்டாச்சு. நீங்க சீனியர், லேபுக்குன்னு ஒரு பேரு இருக்கு. இத இப்ப எதுக்குக் கிளறணும்? இனிமே கவனமா இருங்க, போதும்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "சார், சகுந்தலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏபிசிடி தெரியாது. என் ஸ்கிரீன்ல ஒரு எழுத்து தமிழ் கிடையாது. அவ எதப் படிச்சு யார்கிட்ட சொல்லியிருப்பா? ஒரு தடவ அவகிட்ட ஒரு பேப்பரக் குடுத்துப் படிக்கச் சொன்னீங்களா? விசாரணன்னு என்னதான் பண்ணுனீங்க?"

"அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எத்தனையோ வருஷமாத் தெரியும்."

"அத நான் கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

இத்தனை நாளில் அந்த மனிதர் கேட்ட ஒரே சரியான கேள்வி அது.

பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேஜையில் வைத்தேன். "தேதி போட்டு எழுதச் சொன்னாங்க. எழுதியிருக்கேன். முழுசாப் படிங்க" என்றேன். எந்தப் பத்தியையும் அடிக்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

டைரி திரும்ப வந்தது, ஒரு மெமோவோடு. சீனியர் பொறுப்பு இனி எனக்கு இல்லை. எனக்குக் கீழே வேலை பழகிய பெண்ணிடம் இனி நான் கையெழுத்து வாங்க வேண்டும். ஜெரால்டுக்கும் ஒரு மெமோ. என் பாஸ்வேர்ட் என்ன என்பது இப்போது ரங்கராஜன் சாருக்கும் ஜெரால்டுக்கும் தெரியும். இன்றைக்கே மாற்றச் சொன்னான். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

சகுந்தலா வேலைக்கு வந்துவிட்டாள். பத்து மணிக்கு ஜன்னலில் குழாய்களை வைத்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். மத்தியானமும் வைத்தாள், போனாள். கேட்கமாட்டாள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது இனி அவளுக்கு எதற்கு?

நாலு மணிக்கு மூன்றாம் மாடிக்குப் போனேன். வனஜா மருந்து ட்ரேயை அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்னிச்சிரும்மா என்றேன். இருபத்தாறு வயதுப் பெண்ணின் முன்னால் கை கூப்பி நின்றேன்.

அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை. "மன்னிக்கறதெல்லாம் எனக்கு வரலக்கா. வருமான்னும் தெரியல. நீங்க மொதல்ல அந்த மானிட்டரத் திருப்பி வைங்க."

அக்டோபர் 29, செவ்வாய்

ஒயர் அரை அடி எட்டவில்லை என்றேன். ஜெரால்டு தன் அறையிலிருந்து நீள ஒயர் ஒன்று கொண்டுவந்து, மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். ஐந்து நிமிட வேலை. ஆயுத பூஜைப் பொட்டு அதில் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஒயரு எத்தன நாளா உன்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துலேர்ந்து இருக்கு மேடம். நீங்க கேக்கல."

அரை அடி ஒயர். நான் கேட்கவில்லை, அவன் கொடுக்கவில்லை, ஏ.ஓ. பார்க்கவில்லை. அங்கே ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது. அவனைத் திட்ட வாயெடுத்தேன். பாதியைக்கூடத் திட்ட முடியவில்லை.

ஸ்லைடு பார்க்க இரண்டு நிமிடம் ஆகும் என்று மறுபடி சொன்னேன். ஐந்து நிமிடம் வைத்துவிட்டான். எழுந்திருக்கும்போது நாமே பூட்ட எந்த ரெண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். ஒரு வினாடிகூட ஆகவில்லை.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. புடவை பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

கேன்டீனில் வனஜாவுக்கு இன்றும் பேப்பர் கப்தான். மாஸ்டரிடம் மறுபடி சண்டை போட்டேன். நாளைக்கும் போடுவேன்.

இன்று நாற்பத்து நாலு தடவை பூட்டியது. தானாக ஒரு தடவைகூட இல்லை.